அறுகிற கயிறு

உரித்த மாட்டுத்தோலை விரித்துக் காயவைத்து, மயிரைச் சுரண்டி எடுத்து, விளிம்பில் கத்தியை வைத்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போனால், தோல் முழுவதும் ஒட்டில்லாத ஒரே வாராக நீண்டு வரும். அப்படி நான்கு வார்களை அகலமும் கனமும் ஒத்திருக்கும்படி சீவி, ஈரப்பதத்தில் பின்னி, மாட்டுக்கொழுப்பைத் தேய்த்துப் பழக்கினால் கிடைப்பது ரியாத்தா. கலிஃபோர்னியாவின் வக்கேரோக்கள், அதாவது குதிரைமேல் இருந்து மாடு பிடிக்கும் மாட்டுக்காரர்கள், வீசிய கயிறு இதுதான். 60 அடி நீளம் சாதாரணம். 80 அடிக் கயிறும் உண்டு. நார்க்கயிற்றைவிடக் கனமானது, ஆகவே காற்றை வெட்டிக்கொண்டு தொலைவு போகும், விரித்த கண்ணி விரித்தபடியே போய் விழும். ஒரே ஒரு குறை: வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஓடுகிற காளையின் முழு வேகமும் ஒரு நொடியில் அதன்மேல் இறங்கினால் நான்கு புரிகளில் ஒன்று தெறிக்கும். பிறகு மற்ற மூன்றை நம்ப முடியாது. உலகத்தின் மிக நுட்பமான குதிரைப் பழக்க முறைகளில் ஒன்று இந்தக் குறையைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஸ்பானியப் பிரபுக்களின் ரத்தத்தில் வந்தது என்றும், வேலையில்லாத கனவான்களின் பொழுதுபோக்கில் விளைந்தது என்றும் சொல்லப்படும் ஒரு கலை, உண்மையில் கூலியில்லாத தொழிலாளிகளும் விலையில்லாத குதிரைகளும் அறுகிற கயிறும் சேர்ந்த இடத்தில் பிறந்தது என்பதே என் கட்சி.

முதலில் கயிற்றிலிருந்து குதிரைக்குப் போகும் வழியைப் பார்ப்போம். சேணத்தின் முன்பக்கம் ஒரு முளை நிற்கும். கயிற்றின் நுனியை அதில் முடிந்து வைத்தால், மாடு இழுக்கும் அதிர்ச்சி நேராகக் கயிற்றில் இறங்கிவிடும். எனவே வக்கேரோ முடிவதில்லை. கண்ணி மாட்டின் கொம்பில் விழுந்த பிறகுதான் கையிலுள்ள கயிற்றை முளையில் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றுகிறான். இழுப்பு மிஞ்சினால் கொஞ்சம் நழுவ விடுகிறான். மாடு களைத்தால் மெல்ல இறுக்குகிறான். கிணற்றில் கனமான வாளியை இறக்குகிறவன் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு விடுவது போன்ற காரியம்தான். ஆனால் இங்கே வாளிக்குக் கொம்பும் கோபமும் உண்டு, தூணும் நாலுகாலில் நிற்கிறது. 'சுற்றுப் போடு' என்று பொருள்படும் ஸ்பானியத் தொடர் ஆங்கிலக்காரர் வாயில் தேய்ந்து 'டாலி' ஆயிற்று. சுற்றும்போது கட்டைவிரல் கயிற்றுக்கும் முளைக்கும் நடுவே அகப்பட்டால் விரல் போய்விடும், போனவர்கள் பலர். இத்தனையும் வலக்கை செய்கிறது. இடக்கையில் மீதிக் கயிற்றின் சுருளும் லகானும் ஒன்றாக இருக்கின்றன. அந்த இடக்கையால் குதிரையை வலிந்து இழுக்கவோ திருப்பவோ நேரமும் இல்லை, இடமும் இல்லை. குதிரை அரை அங்குல அசைவிலேயே புரிந்துகொள்ள வேண்டும். மாட்டின் இழுப்புக்கு எதிராக உடம்பைத் திருப்பி நிற்க வேண்டும். கயிறு தொய்ந்தால் தானே ஓரடி வைக்க வேண்டும். முரட்டு வாயுள்ள குதிரைமேல் அமர்ந்து ரியாத்தா வீசுகிறவன் கயிற்றை இழப்பான், இல்லாவிட்டால் விரலை இழப்பான். கயிறு மென்மையாக இருந்ததால் கை மென்மையாக வேண்டியிருந்தது. கை மென்மையாக இருந்ததால் குதிரை கூர்மையாக வேண்டியிருந்தது.

அந்தக் கூர்மையை உண்டாக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. இளங்குதிரையின் வாயில் முதலில் இரும்பே வைப்பதில்லை. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் காலம். ஈறு நொந்திருக்கும் வாயில் கடிவாளம் போட்டால் அது தலையை உதறக் கற்றுக்கொள்ளுமே தவிர வேறெதையும் கற்காது. ஆகவே பச்சைத்தோலில் பின்னிய போசால் என்னும் வளையத்தை மூக்குத்தண்டின்மேல் பொருத்தி, குதிரைப் பிடரி மயிரில் முறுக்கிய மெக்காத்தே என்னும் கயிற்றை அதில் லகானாகக் கட்டுவார்கள். இந்தத் தலையணி மொத்தத்துக்கும் ஹாக்கிமா என்று பெயர்; ஆங்கிலத்தில் ஹாக்கமோர். மயிர்க்கயிறு குத்தும். கழுத்தில் அது பட்ட மாத்திரத்தில், இழுப்பு வருவதற்கு முன்பே, குதிரை திரும்பிவிடும். தடித்த போசாலில் தொடங்கி மெல்லியதற்கு வருவதற்கு ஓராண்டோ ஈராண்டோ ஆகும். பிறகு 'இரட்டை லகான்' காலம்: மூக்கில் பென்சில் கனத்துக்கு ஒரு போசாலும், வாயில் கடிவாளமும் சேர்ந்து இருக்கும். ஆள் பழைய போசாலால் பேசுவான். வாய்க்குள் இருக்கும் இரும்பைக் குதிரை சும்மா சுமந்து பழகும். கடைசியில் போசால் போய், 'ஸ்பேட்' எனப்படும் கரண்டி வடிவத் தகடு கொண்ட கடிவாளம் மட்டும் நிற்கும். அதில் செம்பு உருளை ஒன்று உண்டு. குதிரை அதை நாக்கால் உருட்டிக்கொண்டே இருப்பதால் எச்சில் சுரக்கும், சிள்வண்டு போல ஓசை வரும். அந்த உருளைக்குப் பெயரே சிள்வண்டுதான். அதன் பிறகு ஒரு கை, இரண்டு விரல், தொய்ந்த லகான் போதும். இந்த நிலைக்கு ஒரு குதிரை வர நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். அதற்கும் மேலாகும் என்பவர்களும் உண்டு.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பூர்வீகம் ஸ்பெயின். முழுப்பொய் என்று தள்ள முடியாது. வட ஆப்பிரிக்க பெர்பர் குதிரைவீரர்களிடமிருந்து ஸ்பெயினுக்கு வந்த 'ஹினெத்தா' சவாரி முறையும், கனத்த கவசவீரர்களின் 'பிரிதா' முறையும் சேர்ந்துதான் கடல் கடந்து போயின. ஹாக்கிமா என்ற சொல்லே அரபியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. பாரசீக லகான் தமிழில் குடியேறியதைப் போல, குதிரையோடு சொற்களும் பயணம் செய்பவைதாம். ஆனால் சொல்லின் ஊரைக் கண்டுபிடித்தால் செயலின் ஊரைக் கண்டுபிடித்ததாகாது. ஹினெத்தா வீரன் அங்கவடியைக் குட்டையாக்கி முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். கலிஃபோர்னிய வக்கேரோ காலை நீட்டி உட்கார்ந்தான். அதைவிடப் பெரிய வேறுபாடு தொழிலில் இருக்கிறது. அந்தலூசியாவின் சதுப்புநிலங்களில் குதிரைமேல் மாடு மேய்த்தவர்கள் கையில் வைத்திருந்தது கர்ரோச்சா என்னும் நீண்ட கழி, கயிறு அல்ல. கழியால் மாட்டை ஒதுக்கலாம், மடக்கலாம், கவிழ்க்கவும் செய்யலாம். ஆனால் அதற்குச் சேணமுளை வேண்டாம், சுற்றி நழுவவிடும் வித்தை வேண்டாம். குதிரைமேலிருந்து கயிறு வீசி மாடு பிடிப்பதைத் தொழிலின் அச்சாணியாக்கியது ஸ்பெயின் அல்ல.

அது புதிய ஸ்பெயினில், அதாவது இன்றைய மெக்சிகோவில், நடந்தது. 1521-ஐ ஒட்டி அங்கே இறங்கிய மாடுகள் சில பத்தாண்டுகளில் கணக்கில்லாமல் பெருகின. வேலியில்லாத வெளியில் அவற்றைப் பிடிக்க முதலில் பயன்பட்டது, கழி நுனியில் பிறைவடிவக் கத்தி பொருத்திய ஒரு கருவி: ஓடும் மாட்டின் பின்னங்கால் நரம்பைப் பின்னாலிருந்து அறுத்துச் சாய்ப்பது. மாடு உயிரோடு தேவையில்லை, தோல் போதும் என்பவனுக்கு இது சுலபம். ஊரான் மாட்டின் தோலை உரிப்பதற்கும் இதுவே சுலபம். மாட்டுடைமையாளர் சங்கமான மெஸ்தா 1574-இல் வகுத்த விதிகளில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், பூர்வகுடிகள் ஆகியோர் இந்தக் கருவியை வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. தடையின் பட்டியலைப் படித்தாலே அந்த வெளியில் உண்மையில் வேலைசெய்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும். கத்தி போன இடத்தில் கயிறு வந்தது. கயிறு வீசும் வித்தை உருவானதில் கறுப்பின மாட்டுக்காரர்களின் பங்கு பெரிது என்று புவியியலாளர் ஆண்ட்ரூ ஸ்லைட்டர் வாதிட்டிருக்கிறார்; அந்தத் தடைவிதி அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று. மெக்காத்தே என்ற சொல்லோ நாவாத்தல் மொழியின் 'மெக்கத்ல்'. தலையணிக்கு அரபிவழி வந்த பெயர், அதில் கட்டும் கயிற்றுக்கு மெக்சிகோப் பூர்வகுடிகளின் பெயர். 

கலிஃபோர்னியாவுக்கு இந்த வித்தை வந்த வழி மிஷன்கள், அதாவது கத்தோலிக்கத் துறவிகளின் குடியிருப்புகள். யேசு சபையினர் 1697-இல் தீபகற்பக் கலிஃபோர்னியாவின் லொரேத்தோவில் தொடங்கியதை, பிரான்சிஸ்கன் துறவிகள் 1769-இல் சான் டியேகோவிலிருந்து வடக்கே நீட்டினார்கள். 1823-க்குள் 21 மிஷன்கள் எழுந்தன. ஸ்பானியச் சட்டம் பூர்வகுடிகளைக் குதிரை ஏறவிடக் கூடாது என்றது. மாடுகள் சட்டம் படிக்கவில்லை. அவை பெருகிக்கொண்டே போயின. சான் லூயிஸ் ரே மிஷனில் மட்டும் 1832-ஆம் ஆண்டுக் கணக்கில் 27,000-க்கும் மேற்பட்ட மாடுகள். ஒரு மிஷனுக்கு இரண்டு துறவிகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிப்பாய்களும் இருந்த இடத்தில் அவற்றை யார் சுற்றி வளைப்பது, யார் சூடு போடுவது? ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடி இளைஞர்களைத்தான் குதிரை ஏற்ற வேண்டியிருந்தது. இவர்களுக்குக் கூலி கிடையாது. சோறும் துணியும் உண்டு. விருப்பப்படி ஊர் திரும்ப முடியாது. ஓடிப்போனவர்களைச் சிப்பாய்கள் பிடித்துவந்தார்கள், கசையடியும் கிடைத்தது. புதிய நோய்கள் மிஷன் குடியிருப்புகளைத் திரும்பத் திரும்பக் காலிசெய்தன. இந்த ஏற்பாட்டில் ஒரு மனிதனின் ஓராண்டுக்கு யாரும் கணக்கெழுதுவதில்லை. ஒரு குதிரைக்கு ஐந்தாண்டு செலவழிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பொறுமை என்று பிற்காலத்தவர் புகழ்ந்ததற்கு அடியில் இந்தக் கணக்கின்மை கிடக்கிறது.

அடிமைத்தனம்தான் கலையை உண்டாக்கியது என்கிறாயா, இது அந்த மனிதர்களை இழிவுபடுத்துவது ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டாய உழைப்பு கொடுத்தது நேரத்தை மட்டுமே. அந்த நேரத்தை என்ன செய்வது என்பதை முடிவுசெய்தது அந்தக் கைகள். கூலியில்லாத உழைப்பு உலகில் எத்தனையோ இடங்களில் இருந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு குதிரை உருவாகவில்லை. இன்னொன்றும் உண்டு. கட்டுண்ட வாழ்க்கையில் குதிரை ஏறும் வேலை மட்டும்தான் மதில்களுக்கு வெளியே நாள்முழுவதும் இருக்கவிட்டது. அதைப் பெற்றவன் அதைத் தக்கவைத்துக்கொள்ளக் கெட்டிக்காரனாக இருந்தாக வேண்டும். ஆட்சியாளர்களின் பயமும் வீண்போகவில்லை: உள்நாட்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் குதிரை ஏறக் கற்றதும் கடற்கரை மந்தைகளிலிருந்து குதிரைகளைப் பெருந்தொகையாக ஓட்டிச்சென்றார்கள். சான் ஹோசே மிஷனில் ஊர்த்தலைவராக இருந்த எஸ்தனிஸ்லாவ் 1828-29இல் மிஷனை விட்டு நீங்கி, அனுப்பப்பட்ட படைகளை எதிர்த்து நின்றார். ஸ்தானிஸ்லாஸ் ஆறு இன்று அவர் பெயரில்தான் ஓடுகிறது.

மெக்சிகோ விடுதலை பெற்றபின் 1834 முதல் மிஷன்களின் உடைமை கலைக்கப்பட்டது. பூர்வகுடிகளுக்குப் பங்கு என்று சொல்லப்பட்டது. நிலம் போய்ச் சேர்ந்தது செல்வாக்குள்ள குடும்பங்களிடம். மந்தையோடு மாட்டுக்காரர்களும் புதிய பண்ணைகளுக்குக் கைமாறினார்கள். பெரும்பாலும் அதே சோறு, அதே துணி. இந்தக் காலத்தைத்தான் பிற்காலக் கதைகள் பொற்காலம் என்கின்றன. 1835-இல் பாஸ்டன் கப்பல் ஒன்றில் மாலுமியாக வந்த ரிச்சர்ட் ஹென்றி டேனா, பின்னர் 1840-இல் வெளியிட்ட நூலில், மொந்தரேயில் ஆண்கள் எப்போதும் குதிரைமேல் இருப்பதாகவும், நாயும் கோழியும் திரிவதுபோல அங்கே குதிரைகள் திரிவதாகவும் எழுதினார். காலையில் ஒன்றைப் பிடித்துச் சேணம் போடுவார்கள், இரவு அவிழ்த்துவிடுவார்கள், மறுநாள் வேறொன்று. தொலைதூரம் போகும்போது ஒன்றை ஓயும்வரை ஓட்டிவிட்டு அடுத்ததைப் பிடிப்பார்கள். இவர்களைவிட நல்ல சவாரிக்காரர்கள் உலகில் இருக்கமாட்டார்கள் என்று சொன்ன அதே மனிதர்தான் இவர்களுடைய குதிமுள் கொடூரமானது என்றும் குறித்தார். ஊர் வாழ்ந்தது தோலில். டேனா திரும்பிப்போன 'அலர்ட்' கப்பலில் சுமார் 40,000 தோல்கள் ஏறின. அவை பாஸ்டன் பக்கம் போய்ச் செருப்பாகி, தென்னமெரிக்க முனையைச் சுற்றிக்கொண்டு மறுபடி கலிஃபோர்னியாவுக்கே விற்பனைக்கு வந்தன.

இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி எழுகிறது. குதிரை அவ்வளவு மலிவு என்றால் ஒரு குதிரைக்கு ஐந்தாண்டு எதற்கு? ஓய்ந்ததும் எறிந்துவிடுகிற பொருளை யார் மெனக்கெட்டு இழைப்பார்கள்? விடை அந்த மலிவிலேயே இருக்கிறது. ஒரே குதிரை வைத்திருப்பவன் அதை இரண்டு வயதிலேயே வேலைக்கு இழுத்தாக வேண்டும். அவனுக்குக் காத்திருக்க வசதியில்லை. முப்பது குதிரை கைக்கெட்டும் தூரத்தில் மேய்ந்தால், இன்றைய வேலைக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும். நம்பிக்கை தரும் இளங்குதிரையை அதன் பல் முளைக்கும்வரை அவசரப்படுத்தாமல் வைத்திருக்கலாம். மலிவு பெரும்பாலான குதிரைகளைச் செலவுப்பொருளாக்கியது. அதே மலிவுதான் ஒன்றிரண்டைக் கலைப்பொருளாக்கவும் இடம் கொடுத்தது. பஞ்ச காலங்களில் புல்லை மாட்டுக்கு மிச்சப்படுத்த ஆயிரக்கணக்கான காட்டுக்குதிரைகளைக் கொன்ற சமூகமும் இதுதான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாதவர்கள் இந்த மரபை ஒன்றில் தேவலோகமாக்குகிறார்கள், இல்லாவிட்டால் கசாப்புக்கடையாக்குகிறார்கள்.

பரம்பரை என்ற விளக்கம் போதாது என்பதற்கு டெக்சாஸ் நல்ல சாட்சி. அங்கேயும் வித்தை மெக்சிகோவிலிருந்துதான் வந்தது. ரிச்சர்ட் கிங் 1854-இல் தம் பண்ணைக்கு தமவுலிபாஸ் பகுதியின் க்ரூய்யாஸ் ஊரிலிருந்து குடும்பங்களையே கூட்டிவந்தார். ஆனால் டெக்சாஸ் கௌபாய் முறை வேறு திசையில் போயிற்று. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் மாடுகளை வடக்கே ரயிலடிகளுக்கு ஓட்டும் வியாபாரம் தொடங்கியது. ஆட்கள் ஒரு பருவத்துக்கு மாதச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார்கள், குதிரை முதலாளியுடையது, சில நாட்களில் அடக்கி ஏறவேண்டும். முட்புதர் அடர்ந்த நிலத்தில் 60 அடிக் கயிறு வீச வெளி கிடையாது. 30, 35 அடி நார்க்கயிறு போதும். அது அறாது. ஆகவே நுனியைச் சேணமுளையில் இறுக முடிந்துவிட்டார்கள். அந்த இழுப்பைத் தாங்கச் சேணத்துக்கு இரண்டு வயிற்றுவார்கள் தேவைப்பட்டன. கலிஃபோர்னியச் சேணத்துக்கு நடுவில் ஒன்றே போதுமாயிருந்தது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், ஒருவனுக்குக் கடிகாரம் கொடுக்கப்பட்டது, மற்றவனுக்குக் கொடுக்கப்படவில்லை. டெக்சாஸ் முறை தாழ்ந்தது என்பதல்ல என் பேச்சு. அது தன் கணக்குக்குச் சரியான விடை.

ஹவாய் எதிர்த்திசைச் சாட்சி. கேப்டன் வான்கூவர் 1793-இல் கமேஹமேஹா அரசருக்கு மாடுகளைக் கொடுத்தார். அரசர் அவற்றைக் கொல்லத் தடைவிதித்தார். அவை மலைச்சரிவுகளில் காட்டுமாடுகளாகப் பெருகின. 1803-இல் குதிரைகள் வந்தன. 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா கலிஃபோர்னியாவிலிருந்து வக்கேரோக்களை வரவழைத்துத் தம் மக்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்தார். வந்தவர்கள் சிலரே. 'எஸ்பன்யோல்' என்பது அங்கே 'பனியோலோ' ஆகி, பின்பு ஹவாய் மாட்டுக்காரனுக்கே பெயராக நின்றது. அவர்களும் பச்சைத்தோல் கயிறுதான் பின்னினார்கள். ஸ்பானிய ரத்தமோ பண்ணைப் பிரபுக்களோ இல்லாத தீவில், காட்டுமாடும் தோல் வியாபாரமும் கற்றுக்கொள்ளும் கைகளும் இருந்ததால் வித்தை வேர்பிடித்தது. 1908-இல் வயோமிங் மாநிலத்தின் ஷெயன் நகரில் நடந்த பெரும் போட்டிக்கு ஹவாயிலிருந்து சென்ற இகுவா பர்டி, இரவல் குதிரையில் ஏறி, காளையைக் கயிறு வீசிக் கட்டும் போட்டியில் முதலிடம் பெற்றார். அமெரிக்க கௌபாய்களுக்கு அன்று ஏற்பட்ட திகைப்பு, பரம்பரைக் கதையை நம்புகிற எல்லாருக்கும் ஏற்படவேண்டியது.

ஸ்பேட் கடிவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது குதிரையின் அண்ணத்தைக் கிழிக்கும் சித்திரவதைக் கருவி என்பது பழைய குற்றச்சாட்டு. இன்றும் பல போட்டிகளில் அதற்கு இடமில்லை. கனத்த கையில் அது அப்படித்தான். அதை மறுப்பவர்கள், பழக்கிய குதிரை அதை நாக்கில் சமன்செய்து சுமக்கிறது, லகானின் சங்கிலி எடை சற்று அசைந்தாலே அதற்குச் செய்தி போய்விடுகிறது, இழுக்கவேண்டிய தேவையே இல்லை என்பார்கள். இதுவும் உண்மை. ஆனால் அந்த மென்மை குதிரையின்மேல் வைத்த கருணையிலிருந்து தொடங்கியது என்று சொல்வதற்கு டேனா காட்டும் குதிமுள்ளும் புல்லுக்காகக் கொல்லப்பட்ட குதிரைகளும் இடம்தரவில்லை. மென்மை தொழிலின் தேவையாக வந்தது; கருணை என்ற விளக்கம் பிறகு வந்து சேர்ந்தது. தாமதமாக வந்ததால் அது பொய்யாகிவிடாது.

இன்னொரு ஐயம்: இந்த மரபு முழுவதுமே இருபதாம் நூற்றாண்டில் புனையப்பட்டதாக இருக்கக்கூடாதா? சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. சாந்தா பார்பராவில் பழைய ஸ்பானிய நாட்கள் விழா 1924-இல் தொடங்கியது. 1930-இல் ராஞ்செரோஸ் விசிதாதோரெஸ் என்ற பெயரில் வசதிபடைத்த ஆண்கள் வெள்ளிச்சேணத்தோடு ஊர்வலம் போகத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போன 1848-க்குப் பிறகு எந்த மக்களின் நிலம் வழக்குமன்றங்களில் கரைந்ததோ, அவர்களுடைய உடுப்பை, அந்த நிலத்தின் புதிய சொந்தக்காரர்கள் ஆண்டுக்கொருமுறை போட்டுக்கொண்டார்கள். குதிரைப் பழக்கத்தின் படிகளை விரிவாக எழுதிய எட் கானெலின் ஹாக்கமோர் நூல் வந்ததும் 1952-இல்தான். ஆனால் எழுத்து தாமதமாக வந்ததற்குக் காரணம் வேறு: கற்றவர்களும் கற்பித்தவர்களும் எழுதுகிற வர்க்கமாக இல்லை. பயிற்சி என்பது பெரியவர் ஒருவர் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் சவாரி செய்வது. கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, பார்த்தால் கிடைக்கும். சான் ஹோவாகின் பள்ளத்தாக்கில் வக்கேரோவாகவே வேலைபார்த்துவிட்டுப் பிறகு பேக்கர்ஸ்ஃபீல்டு செய்தித்தாளில் எழுத வந்த ஆர்னால்ட் ரோஹாஸ் பதிவுசெய்த மனிதர்களில் பூர்வகுடிகளும் மெக்சிகோக்காரர்களும் நிறையப் பேர். விழா ஊர்வலத்தில் காணாத முகங்கள் அவர் எழுத்தில் இருக்கின்றன. விழாவைவிட அவரை நம்பலாம்.

காலத்துக்கு விலை வந்தபோது என்ன ஆயிற்று என்பதும் சாட்சியம்தான். தங்கவேட்டையில் மாட்டின் விலை ஏறி, பிறகு விழுந்தது. 1851-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நிலப்பட்டாக்களை ஒவ்வொன்றாக நிரூபிக்கச் சொன்னது; வழக்குச் செலவிலேயே பல பண்ணைகள் கைமாறின. 1861-62 குளிர்காலப் பெருவெள்ளமும் அதை அடுத்த இரண்டாண்டு வறட்சியும் மந்தைகளை அழித்தன. கோதுமை வந்தது, வேலி வந்தது. வித்தை அழியவில்லை, கடிகாரம் இல்லாத இடம் தேடி சியெரா மலையைத் தாண்டியது. பீட் ஃபிரெஞ்ச் 1872-இல் கலிஃபோர்னியாவிலிருந்து மந்தையையும் வக்கேரோக்களையும் கூட்டிக்கொண்டு கிழக்கு ஆரிகனில் குடியேறினார். நெவாடா, ஆரிகன், ஐடஹோ மாநிலங்களின் வறண்ட பெருவெளியில் வக்கேரோ என்ற சொல் 'பக்கரூ' ஆகி இன்றும் வழங்குகிறது. கலிஃபோர்னியாவிலேயே இந்த மரபைக் காக்க 1949-இல் ஒரு குதிரைச் சங்கம் உருவானது. ஹாக்கமோர், இரட்டை லகான், கடிவாளம் என்ற படிகளுக்குத் தனித்தனிப் போட்டிகள் வைத்தது. அதே சங்கத்தின் பெரிய போட்டி 1970 முதல் மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. பணம் மூன்று வயதில் காத்திருந்தால் ஐந்தாண்டுப் பாதையில் யார் நடப்பார்கள்? பெரும்பாலானோர் மூக்குவளையத்தை விட்டுவிட்டு, நடுவில் மூட்டுள்ள எளிய கடிவாளத்தோடு தொடங்கிவிடுகிறார்கள்.

ஆரிகனில் பிறந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த டாம் டோரன்ஸ், பில் டோரன்ஸ் சகோதரர்களும், அவர்களிடம் கற்ற ரே ஹன்ட்டும் இந்த வித்தையைக் கட்டணப் பயிற்சி முகாம்களுக்குக் கொண்டுவரும் வழியைத் திறந்தார்கள். இன்று அங்கே வருகிறவர்களில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் உண்டு. மாடே வைத்திராதவர்கள் உண்டு. ஒரு காலத்தில் விலையில்லாததால் பெருகிய நேரத்தை இவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். லூயிஸ் ஓர்ட்டேகா பின்னிய தோல்வேலைக்கு 1986-இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது கிடைத்தது. மாடு பிடிக்கிறவர்கள் கையிலோ இப்போது பெரும்பாலும் நைலான் கயிறு. அது வெடுக்கென்று இழுத்தால் அறாது. முளையில் முடிந்துவிடலாம், ஒன்றும் ஆகாது. நெவாடாவின் பக்கரூக்கள் இன்னும் முடிவதில்லை. சுற்றித்தான் பிடிக்கிறார்கள்.